அத்தான் துடைத்த துப்பாக்கி

என் அக்கா பதக்கங்கள் வாங்கிய துப்பாக்கியை அவள் கையால் துடைத்து நான் பார்த்ததில்லை. சுடுவது மட்டும்தான் அவள் வேலை. கழற்றுவது, துடைப்பது, எண்ணெய் இட்டுத் திரும்ப மாட்டுவது எல்லாம் அத்தான்.

அக்கா திருநெல்வேலி நீதிமன்றத்தில் வக்கீல். கல்லூரி நாட்களில் ஏதோ ஒரு என்.சி.சி. முகாமில் கையில் ரைஃபிளைக் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அவளை விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பேட்டைப் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து, அங்கே இருந்த பிஸ்டலில் பழகினாள். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் அதே கிளப்பில் நெடுநாள் சுட்டவர். கண்ணில் கோளாறு வந்து குறி பார்க்க முடியாமல் போனதும், தன் சொந்தப் பிஸ்டலை அக்காவுக்கு விற்று, முறைப்படி மனுப் போட்டு அவள் உரிமத்துக்கு மாற்றிக் கொடுத்தார். போட்டிக்கென்றே செய்த துப்பாக்கி அது. சின்னத் தோட்டா, நீண்ட குழல், உள்ளங்கைக்குப் பொருந்தும்படி செதுக்கிய மரப்பிடி. பழையதுதான், ஆனால் அக்கா கையில் அது நன்றாகப் பேசியது.

அப்போது நான் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில் தங்கியிருந்தேன். அவர்கள் மகன் வெளியூரில் விடுதியில் படித்தான். அத்தான் வங்கி அதிகாரி. உயரமான மனிதர். அந்த உயரம் யாருக்கும் இடைஞ்சலாகிவிடக் கூடாது என்பதுபோலத் தோளைக் கொஞ்சம் குறுக்கியே நடப்பார்.

ஞாயிறு காலையில் அக்கா சுட்டுவிட்டு வருவாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய வேட்டித் துண்டு ஒன்றை அதன் மேல் விரிப்பார். அக்கா பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேஸ் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். உரிமம் அவள் பேரில் இருப்பதால் அவள் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்பது அத்தானே வைத்த சட்டம்.

முதலில் தோட்டா அடுக்கும் மேகசினை உருவுவார். குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காரும் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். பார்த்தது போதாதென்று சுண்டுவிரல் நுனியால் தடவியும் பார்ப்பார். பிறகு அக்கா பக்கம் திருப்பிக் காட்டுவார்.

"பாரு."

"நீங்கதான் பாத்தாச்சே."

"நீயும் பாரு."

அவள் ஒரு கண்ணால் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கழற்றத் தொடங்குவார். போல்ட்டோடு மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வரும். விட்டால் துள்ளி எங்காவது ஓடிவிடும். அதன் தலையில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக்கொண்டே பைய வெளியே எடுப்பார். எடுத்த சாமான்களை எடுத்த வரிசையிலேயே துண்டின் மேல் அடுக்குவார். இந்தச் சின்னத் தோட்டாவில் குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். அதுவும் ஈயமும் புகைக்கரியும் சேர்ந்து உள்ளே கறுப்பாகப் பிசுபிசுவென்று அப்பிவிடும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுப்பார். சுட்ட தோட்டாவின் கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கி ஒன்று உண்டு. அதன் இடுக்கில் பல்குச்சியை விட்டு நோண்டுவார். பழைய பனியனைச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்திருப்பார். அதைக் கரி கரைக்கும் திரவத்தில் நனைத்துக் கம்பியில் மாட்டிக் குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து தள்ளுவார். வாய்ப்பக்கத்திலிருந்து விடவே மாட்டார். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. கம்பி உரசி அங்கே கீறல் விழுந்தால் குறி போய்விடும். முதல் துண்டு கறுப்பாக வரும், அடுத்தது சாம்பலாக. வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடமாட்டார். எண்ணெயை ஒரு சொட்டு விரலில் தொட்டு, அந்த விரலைத் துணியில் துடைத்து, மிச்சம் ஒட்டியிருப்பதைத்தான் தடவுவார்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு விசையை ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் சுட்டுத் தீர்ந்த வெறும் தோட்டாக் கூடு ஒன்றை அறைக்குள் வைப்பார். அது எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இந்தத் தோட்டாவுக்கு நடுவுல அடி விழாது பிள்ள, ஓரத்துலதான் விழும். மருந்து அந்த ஓரத்துலதான் இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லாம இழுத்தேன்னு வையி, அடிக்கிற பின்னு நேரா அறையோட விளிம்புல போயி இடிக்கும். ஒண்ணு ரெண்டு தடவைக்குத் தெரியாது. இடிச்சு இடிச்சு நசுங்கிரும். இது பழைய சாமான், தாங்காது."

அக்கா கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "உங்க அத்தானுக்கு மனுசங்க மேல இல்லாத கரிசனம் அது மேல."

அத்தான் சிரித்துக்கொண்டே விசையை இழுத்தார். 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

தனக்கென்று எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர் அத்தான். கல்யாணப் பந்தியில் பாயச வாளி அவரைத் தாண்டிப் போகும். அது வரிசையின் கடைசிக்குப் போகிறவரைக்கும் கண்ணாலேயே கூடப் போவாரே தவிர, கையைத் தூக்கிக் கூப்பிட மாட்டார். வீட்டில் இருக்கும் எந்தப் படத்திலும் அவர் கிடையாது. எல்லாம் அவர் எடுத்த படங்கள்.

ஆற்றில் நல்ல தண்ணீர் போகிற காலத்தில் குடும்பத்தோடு குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவோம். எங்கள் செல்போன், கடிகாரம், மாற்றுத் துணி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு அத்தான் படியில் உட்கார்ந்திருப்பார்.

"நீங்க இறங்கலையா அத்தான்?"

"நீங்க குளிங்க. நான் அப்புறம்."

நாங்கள் கரையேறி உடை மாற்றப் போன பிறகுதான் அவர் தண்ணீரில் இறங்குவார். ஒருநாள் சீப்பை மறந்துவிட்டு நான் திரும்பி வந்தேன். அத்தான் மல்லாந்து, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, ஆறு இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்று கழுத்தைத் தேய்க்கத் தொடங்கினார், அழுக்குப் போகக் குளிக்க மட்டும்தான் இறங்கியவர்போல. நான் சீப்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி வந்துவிட்டேன்.

சொந்தக்காரர்களுக்கு அவர் துப்பாக்கி துடைப்பது பெரிய வேடிக்கை. ஒரு வளைகாப்பு வீட்டில் எங்கள் மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். "ஏன் மாப்ள, அவ சுடுதா, நீரு துடைக்கீரு. எல்லாம் தலைகீழால்லா இருக்கு?"

"அவ நல்லாச் சுடுதா மாமா" என்றார் அத்தான்.

எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருக்கு இல்லை. அவருக்குக் கூச்சம் வேறு ஒரு இடத்தில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாதத்தில் சில சனிக்கிழமைகளில் அவருக்கு வங்கி கிடையாது. அக்கா தன் அலுவலகத்தில் இருப்பாள். அப்படி ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரோ இறந்துபோனதற்காகச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். முன்கதவு சாத்தியிருந்ததால் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தேன். படுக்கையறையிலிருந்து 'டிக்' என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. கதவு ஒருக்களித்திருந்தது.

அத்தான் பீரோக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். தலையில் அக்கா சுடும்போது போடும் தொப்பி. அவள் போட்டியில் நிற்கும்போது இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்வாள். அத்தான் வேட்டி கட்டியிருந்ததால் அந்தக் கையை மடிப்புக்குள் செருகியிருந்தார். வலது கையை நேராக நீட்டி எதிர்ச்சுவரைக் குறி பார்த்தார். சுவரில் கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. தோள் குறுகியிருக்கவில்லை. அவர் எவ்வளவு உயரம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விசையை இழுத்தார். 'டிக்.' உடனே சினிமாவில் வருவதுபோலக் கையை மேலே ஒரு தூக்குத் தூக்கினார். பிறகு நடுவட்டத்தில் பட்டால் கிடைக்கும் மதிப்பெண்ணைத் தனக்குள் மெதுவாகச் சொன்னார். "பத்து."

கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியவர் அதில் என்னைப் பார்த்துவிட்டார்.

காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைத் தொப்பிக்குள் வைத்தார்.

"துடைச்சுக்கிட்டு இருந்தேன் பிள்ள."

துண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. "சரி அத்தான்" என்றேன்.

அக்காவிடம் சொல்லாதே என்று கேட்பார் என்று நினைத்தேன். அதைக்கூட அவர் கேட்கவில்லை. நானாகவே சொல்லவில்லை. பெரிய மனிதர் ஒருவர் தனியாக விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில், வாசலில் செருப்பைத் தேய்த்துச் சத்தம் உண்டாக்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன்.

அந்த வருஷம் மதுரையில் மாநிலப் போட்டி. அக்கா அப்போது உச்சத்தில் இருந்தாள். கிளப் கோச் முன்னாள் ராணுவக்காரர், யாரையும் எளிதில் மெச்சாதவர். அவரே, இந்தத் தடவை தேசியப் போட்டிக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் காரில் போனோம். அத்தானும் நானும் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் சுற்று அருமையாகப் போனது. இரண்டாவதில் அவள் விசையை இழுத்தாள், குண்டு போகவில்லை. அதிகாரி வந்து பார்த்தார். மறுபடி சுட அனுமதி கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. அதற்கும் பொறுத்தார்கள். அடுத்த தடவை வெடிக்காமல் போனபோது, இனி அனுமதி இல்லை, அது பூஜ்யம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கை பழைய கையாக இல்லை. ஒவ்வொரு தடவையும் வெடிக்குமா வெடிக்காதா என்ற பயத்தோடு இழுத்தால் குறி எங்கே நிற்கும்?

நான் அத்தானைப் பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது வண்டி ஓட்டியது அவர்தான். கோவில்பட்டி தாண்டியதும் அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "தோட்டா மோசமா இருக்குமோ?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய்கள் இரண்டு. துடைத்துக்கொண்டிருந்தேன் என்றது ஒன்று. இது மற்றொன்று.

மறுநாள் மூன்று பேரும் கிளப்புக்குப் போனோம். கோச் டார்ச்சை அடித்து, பூதக்கண்ணாடி வைத்து அறையின் வாயைப் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"விளிம்பு நசுங்கிப் போய் இருக்கு பாத்தியாம்மா? அடி விழுந்தா தோட்டா ஓரத்துக்கு அந்தப் பக்கம் தாங்கல் இல்ல. அதான் வெடிக்கல. காலியா வச்சு யாரோ விசையத் தட்டியிருக்காங்க. ஒண்ணு ரெண்டு தடவ இல்ல, நெறைய."

அக்கா நீதிமன்றத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றாள். "நான் தட்டல. இவுக காலிக் கூடு வைக்காம ஒருநாளும் இழுத்தது கிடையாது, என் கண்ணாலே பாக்குதேன். வேற யாரும் தொடுததே இல்ல. அப்பம் யாரு? வித்தவருதான்."

"வாங்கும்போது நான் பாத்தனே. நல்லாத்தானே இருந்துது?"

"அன்னைக்கு டார்ச்சடிச்சுப் பாத்தீங்களா?"

கோச் யோசித்தார். "டார்ச்சு அடிக்கல" என்றார்.

அக்கா வழக்கில் ஜெயித்துவிட்டாள். அத்தான் சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அவர் பார்த்த பலகை அது.

காரில் ஏறியதும், "விட்டுரு. சரி பண்ணிக்கிடலாம்" என்றார்.

"விடவா? நசுங்குன சாமானத் தலையில கட்டியிருக்காரு. ஒரு வார்த்த கேக்க வேண்டாமா? டாக்டர் வீட்டுக்கு விடுங்க."

அவர் ஓட்டினார்.

டாக்டர் அண்ணாச்சி அப்போதுதான் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "போட்டி என்னாச்சும்மா?" என்றார். அக்கா என்ன ஆனது என்று சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசும்போதுதான் அவள் பேச்சு அதிகமாகக் குத்தும். கேட்கக் கேட்க டாக்டரின் முகம் சுருங்கியது. துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, கண் தெரியாததால் அறையின் விளிம்பை விரல் நகத்தால் நெருடிப் பார்த்தார். பள்ளம் அவர் நகத்துக்குத் தட்டுப்பட்டது.

"நான் அப்படிச் செய்ய மாட்டனேம்மா" என்றார். பிறகு குரல் இறங்கியது. "செஞ்சிருப்பனோ என்னவோ. கடைசியில கண்ணு ரொம்ப மங்கிட்டு. உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு தெரியாம இழுத்திருப்பேனாயிருக்கும்." பக்கத்தில் நின்ற தன் மனைவி பக்கம் முகத்தைத் திருப்பினார். "நான் அப்படி இழுத்தேனா?" என்று கேட்டார். பிறகு அக்கா இருந்த திசையில் கையைக் குவித்தார். "என் தப்பா இருந்தா மன்னிச்சுக்கிடும்மா."

அத்தான் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க இல்ல. நான்தான்."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. "சமாதானத்துக்காக எதையாவது சொல்லாதிய."

"நெசமாத்தான். நான்தான் தட்டினேன்."

"காலிக் கூடு வைக்காம இழுக்கவே கூடாதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்க. நீங்க எதுக்குத் தட்டப் போறிய?"

அவள் நம்பவில்லை. அதனால் அவர் எல்லார் முன்னாலும் அதை நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சனிக்கிழம, நீ இல்லாதப்பம் எடுப்பேன். செவுத்துல வட்டம் ஒண்ணு ஒட்டிவச்சு, சுடுத மாதிரி இழுத்துப் பாப்பேன்."

"வெறும் துப்பாக்கியையா?"

"ஆமா."

"கூடு வச்சுக்கிடலாம்லா?"

"மொதல்ல வைப்பேன். அடுத்த தடவைக்குப் போல்ட்ட இழுத்தா அது தெறிச்சுக் கீழ விழுந்துரும். ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு தேடி எடுத்து வச்சா, நடுவுல விட்டுப் போவுது."

"என்னது விட்டுப் போவுது?"

"போட்டியில நிக்க மாதிரி இருக்குல்லா, அது" என்றார் அத்தான். பிறகு, இதையும் சொன்னால்தான் நம்புவாள் என்று நினைத்தாரோ என்னவோ, "பத்து, ஒம்பதுன்னு நானே சொல்லிக்கிடுவேன்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். மதுரையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து அப்படி வந்ததோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பத்தா? எப்பமுமே பத்தா?" டாக்டரின் மனைவியும் சிரித்தார். தன் மேல் விழுந்த பழி நீங்கிய ஆறுதலில் டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் அத்தானும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

வாசல்வரை வந்த டாக்டர் அத்தானின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "சுட ஆசையா இருந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா வே? கிளப்புல சேத்துவிட்டிருப்பேனே."

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு அண்ணாச்சி. அவ நல்லாச் சுடுதா. அங்கன போயி நான் என்னத்த…" என்று அவர் முடிக்காமல் விட்டார்.

கார் கதவைத் திறந்துகொண்டிருந்த அக்காவுக்கு அது கேட்டது. அவள் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு அப்போது போனது.

மதுரையில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்து விளிம்பைச் சரிசெய்து வாங்கினார்கள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சுட்டுவிட்டு வந்தாள். சாப்பாடு முடிந்தது. பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். துண்டு விரித்திருக்கவில்லை.

"ஏங்க, துடைக்கலையா?"

"இனிமே நீயே துடைச்சுக்கோ" என்றார் அத்தான். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒன்றை மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்காவே துண்டை விரித்து உட்கார்ந்தாள். போல்ட்டை உருவும்போதே ஸ்பிரிங் துள்ளிக் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. மண்டியிட்டுத் துழாவினாள், அகப்படவில்லை. அத்தான் டார்ச்சை எடுத்து வந்து குனிந்து அடித்தார். "அங்கன கிடக்கு பாரு, கால் பக்கத்துல."

"கையில எடுத்துத் தந்தா என்ன?"

"வேண்டாம்."

அவள் எடுத்தாள். அவர் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்தபடியே வாயால் சொல்லிக்கொடுத்தார். "வாய்ப்பக்கமா விடாத, பின்னாலேருந்து தள்ளு. அந்தத் துணி இன்னும் வெளுக்கல. எண்ணெ அவ்வளவு வேண்டாம். ஸ்பிரிங்கத் தலையில அமுக்கிக்கோ, பைய." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டினாள். அவர் கை ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை.

இந்தக் கதை எப்படியோ சொந்தத்துக்குள் பரவிவிட்டது. நான் கல்யாணமாகிக் களக்காட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இன்னும் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். முதலில் எடுத்தவர் மாமாதான். நான் அக்கா வீட்டு மாடியில் இருந்தபோதே, ஒரு கல்யாணப் பந்தியில் அத்தானைப் பார்த்துக் கையைத் துப்பாக்கிபோல நீட்டி, "மாப்ள, இன்னைக்கு எத்தன பத்து?" என்றார். பந்தியே சிரித்தது. அத்தானும் சிரித்தார். எந்தப் பேச்சுக்கும் பதில் பேச்சு வைத்திருக்கும் அக்கா அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அது கழிந்து கொஞ்ச நாளில், ஒரு வேலை நாளன்று காலையில் அவள் இட்லியை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னாள். "இன்னைக்கு லீவு சொல்லிருங்க. வெளிய போவணும்." எங்கே என்று அவர் கேட்கவில்லை. எனக்குப் பள்ளி விடுமுறை. நானும் போனேன்.

பேட்டைக்குத் திரும்பியதும் அத்தானுக்குப் புரிந்துவிட்டது. தோள் இன்னும் குறுகியது. கிளப்பில் அந்த நேரத்தில் கோச்சைத் தவிர யாரும் இல்லை. அக்கா முன்பே பேசி வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை வாய் எதிர்ப்பக்கம் பார்க்க மேடையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டித் தோட்டா.

"எனக்கெதுக்கு? வேண்டாம்" என்றார் அத்தான்.

"கோச் கூட இருப்பாரு. சட்டம் அப்படி. வேற யாரும் இருக்க மாட்டோம்" என்றாள் அக்கா. அவர் முகத்தைப் பார்க்காமலே என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். தொழிற்பேட்டையிலிருந்து கடைசல் எந்திரம் ஒன்றின் சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்போது முதல் வெடி கேட்டது. அக்கா உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றவள்.

"ஒவ்வொரு போட்டிக்கும் எனக்குப் பின்னால உக்காந்திருந்தாவ" என்றாள். "பாக்கப் பிடிச்சு உக்காந்திருக்காவன்னு நெனச்சேன். நான் போயி சிரிச்சேனேட்டி."

அடுத்த வெடி கேட்டது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று.

அத்தான் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குறிபார்த்துச் சுட்ட அட்டையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோச் பின்னால் வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் திரும்பி உள்ளே போய்விட்டார்.

"போவமா?" என்றார் அத்தான்.

"ம்" என்றாள் அக்கா.

மறுநாள் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் வாஷிங் மெஷின் பக்கத்தில் துணிகளைப் போட்டு வைத்து, ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தாள். அத்தானின் சட்டையிலிருந்து அந்த அட்டை வந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மடிப்பு லேசாக விரிந்து, உள்ளே கறுப்பு வட்டத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"பிரிச்சுப் பாரேன்க்கா" என்றேன்.

"எனக்கு வெக்கமா இருக்குட்டி" என்றாள்.

அட்டையை அலமாரித் தட்டில் ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். சட்டை துவைத்துக் காய்ந்தது. மறுநாள் காலையில் அவளே அதற்கு இஸ்திரி போட்டு, அட்டையை இருந்த மடிப்பிலேயே திரும்பப் பைக்குள் வைத்து ஆணியில் மாட்டினாள். அத்தான் குளித்துவிட்டு வந்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் கை பையின் மேல் போய் நின்றது. துவைத்த சட்டையில் அந்த அட்டை இருந்ததைத் தொட்டுப் பார்த்தவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். அக்கா அதற்குள் அடுப்படிக்குள் போயிருந்தாள்.